திரையில் ஒரு பொட்டு ஒட்டுங்கள், தம்பி

கல்லடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார். கனடாவிலுள்ள மாமா அனுப்பிய ஜொய்ஸ்டிக்கை மடிக்கணினியில் பொருத்தி மூன்று மாதமாக விமானம் ஓட்டிப் பழகுகிறாராம். போயிங் 737ஐக் கட்டுநாயக்கவில் இறக்க அவருக்கு முடிகிறது. “ஆனால் சின்னச் செஸ்னாவை எடுத்து எங்கட வாவிக்கு மேலே 1000 அடியில் ஐந்து நிமிடம் நேராகப் பறக்க முடியவில்லை. 800க்கு இறங்குது, இழுத்தால் 1300க்கு ஏறுது. ஜொய்ஸ்டிக் பழுதா, என்னில் பிழையா?” என்று கேட்கிறார். விமானியாக வர வேண்டும் என்ற ஆசையையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

ஜொய்ஸ்டிக் பழுதில்லை தம்பி. உங்களிலும் பெரிய பிழை ஒன்றுமில்லை. கண் போகிற இடம்தான் பிழை. 737இல் உயரத்தையும் திசையையும் பிடித்துவைத்தது ஓட்டோபைலட். செஸ்னாவில் அந்த வேலை உங்கள் கைக்கு வருகிறது, கையோ உயரமானியின் முள்ளைத் துரத்துகிறது. முள் இறங்குவதை நீங்கள் காணும்போது விமானம் இறங்கத் தொடங்கிச் சில விநாடி ஆகிவிட்டது. இழுத்ததன் பலன் முள்ளில் தெரிய இன்னும் சில விநாடி செல்லும். பொறுமையில்லாமல் அதற்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறீர்கள். 800க்கும் 1300க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுவது இப்படித்தான்.

வீட்டில் தனியே பழகுகிற அநேகமானவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. முதல் சிமுலேட்டரின் கதையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்ரனில் எட்வின் லிங்க் என்பவரின் தகப்பனார் ஓர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஓர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளைக் கொண்டே 1929இல் லிங்க் ஒரு சின்ன விமானப் பெட்டியைச் செய்து, அதைச் சாயவும் திரும்பவும் வைத்தார். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகப் பணிக்கப்பட்டு, கெட்ட வானிலையில் தொடுவானம் தெரியாமல் பலர் விழுந்து இறந்த பிறகுதான், இராணுவம் அந்தப் பெட்டியில் ஆறை வாங்கியது. மூடியை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது, முள்ளுகள் மட்டும்தான். முள் பார்த்துப் பறக்கப் பழக்கவே அது பிறந்தது. இன்றைக்கு உங்கள் மேசையில் இருக்கும் சிமுலேட்டரில் பெரிய ஜன்னல் இருக்கிறது. வாவி தெரிகிறது, கடல் தெரிகிறது. நீங்களோ மூடி போட்ட பெட்டிக்குள் இருப்பவர்போல முள்ளையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

நான் இரத்மலானையில் பழகத் தொடங்கிய காலத்தில் இரண்டாவது பறப்பிலேயே பயிற்றுநர் தன் தொப்பியைக் கழற்றி முள்ளுகளுக்கு மேலே மாட்டிவிட்டார். “வெளியே பார். நான் கேட்கும்போது உயரம் சொல்” என்றார். எனக்குக் கை வியர்த்தது. ஆனால் தொப்பியை எடுத்தபோது உயரம் ஐம்பது அடிகூட மாறியிருக்கவில்லை. அதைத்தான் நீங்களும் வீட்டில் செய்யப்போகிறீர்கள்.

முதலில் ஆயத்தம். ஜெட் விமானங்களை ஆறு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். செஸ்னா 172 போதும். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடுகிற விமானம் அது. மென்பொருள் எதுவென்றாலும் பரவாயில்லை. மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் நிலக்காட்சியை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும், டேட்டா தீர்ந்துவிடும். ஃப்ளைட்கியர் இலவசம், நம் பகுதியின் நிலக்காட்சியை ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும், பழைய கணினியிலும் ஓடும். முகிலின் அழகைக் குறைத்து, விநாடிக்கு 30 படமாவது தடங்கலில்லாமல் வரும்படி வையுங்கள். படம் இழுபட்டால் கை தவறாகப் பழகும். தானாக றடர் போடும் உதவி, தானாக ட்ரிம் செய்யும் உதவி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உங்கள் ஜொய்ஸ்டிக் திருகக்கூடியது என்றால் அந்தத் திருகலை றடருக்குக் கொடுங்கள். கைப்பிடியில் பெருவிரல் படும் இரண்டு பொத்தான்களை ட்ரிம்முக்கு ஒதுக்குங்கள். இது மிக முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பழக இடம் தேடி எங்கும் போகவேண்டாம். மட்டக்களப்பு விமான நிலையத்தை வீ.சீ.சீ.பி. என்ற குறியீட்டில் தேடினால் வரும். திமிலைதீவில் இருக்கிற அதே ஓடுபாதைதான். 1983இல் விமானப்படை பொறுப்பேற்றது, 2018 மார்ச்சில் உள்ளூர்ப் பயணிகள் விமான நிலையமாகத் திறந்தார்கள். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், கடல்மட்டத்திலிருந்து இருபதடிதான் உயரம். மலை இல்லை, பெரிய கட்டடம் இல்லை. 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, அதற்கப்பால் கடல். மேற்கே படுவான்கரை வயல். திசைகாட்டி பார்க்காமலே திசை தெரிகிற ஊர் இது. வேறு எங்கே பழகினாலும் இவ்வளவு சுலபமாகக் கண் வெளியே போகாது.

இனிப் பொட்டு. காற்றே இல்லாத தெளிந்த வானிலையை வைத்து 2000 அடிக்கு ஏறுங்கள். இந்த ஒரு தடவை மட்டும் ஓட்டோபைலட்டை உயரத்தைப் பிடிக்க விடலாம். இயந்திரத்தை 2300 சுற்றுக்கு வைத்தால் வேகம் 100 நொட்டுக்கு அருகில் வந்து நிற்கும். இப்போது திரையில் விமானத்தின் மூக்குக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். உண்மையான செஸ்னாவில் ஏறத்தாழ நாலு விரல் என்று சொல்லிக்கொடுப்பார்கள். உங்கள் கண்ணுக்கு நேர் முன்னே, தொடுவானம் போகிற கோட்டின்மேல், அம்மாவிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வாங்கித் திரையில் ஒட்டுங்கள். சின்னப் பொட்டாக இருக்கட்டும். அதன்பிறகு பார்வைக் கோணத்தை, இருக்கையின் உயரத்தை, சூமை மாற்றவே கூடாது. கதிரையையும் அதே இடத்தில் போடுங்கள். மாற்றினால் பொட்டுப் பொய் சொல்லும்.

ஓட்டோபைலட்டை நிறுத்துங்கள். முள்ளுகள் இருக்கிற பக்கத்தைப் பழைய கலண்டர் மட்டையால் மறையுங்கள். இப்போது உங்களுக்கு ஒரே வேலை, பொட்டைத் தொடுவானத்திலிருந்து நகரவிடாமல் வைத்திருப்பது. கல்லடியிலிருந்து கடற்கரை வீதியைப் பிடித்துக்கொண்டு 160 பாகை அளவில் தெற்கே போங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வரும். வலப்பக்கம் வாவி, இடப்பக்கம் கடல். கல்லாறு முகத்துவாரம் வர ஒன்பது பத்து நிமிடம் செல்லும். ஒவ்வொரு நிமிடமும் மட்டையை ஒரு விநாடி தூக்கி உயரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 50 அடி இறங்கியிருந்தால் பொட்டைத் தொடுவானத்துக்கு ஒரு மயிரிழை மேலே வைத்துப் பொறுத்திருங்கள். முள்ளைத் துரத்தாதீர்கள். இரண்டாம் நாளே ஊஞ்சல் நின்றுவிடும் என்று துணிந்து சொல்வேன்.

நின்றாலும் கை நோகும். அப்போதுதான் ட்ரிம் எதற்கென்று விளங்கும். உண்மையான விமானத்தில் யோக்கைப் பிடித்திருக்கும் கையில் ஒரு பாரம் தெரியும். ட்ரிம் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அந்தப் பாரம் கரைந்து, கையை எடுத்தாலும் மூக்கு அங்கேயே நிற்கும். உங்கள் ஜொய்ஸ்டிக்கில் இருப்பதோ ஒரு ஸ்பிரிங். அதற்கு விமானத்தின் பாரம் தெரியாது, எப்போதும் நடுவுக்கே தள்ளும். ஆகவே வரிசையைப் பழக வேண்டும்: மூக்கைப் பொட்டுக்குக் கொண்டுவாருங்கள், இயந்திரத்தை வைத்துவிடுங்கள், வேகம் நிலைக்கும்வரை பிடியுங்கள், பிறகு பெருவிரலால் ட்ரிம்மைத் தட்டித் தட்டி அதே அளவுக்குக் கையைத் தளர்த்துங்கள். கடைசியில் மூன்று விரல் மட்டும் கைப்பிடியில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கைமுட்டி வெளுக்க இறுக்கிப் பிடித்தவர் எவரும் விமானத்தை நேராக வைத்திருந்ததை நான் கண்டதில்லை. ட்ரிம்மைத் திருப்பித் திருப்பி விமானத்தை ஏற்றி இறக்குகிற பழக்கம் சிமுலேட்டர்காரர்களிடம் உண்டு, அது வேண்டாம். மூக்கைக் கை வைக்கும், பாரத்தை ட்ரிம் எடுக்கும்.

ஏற்றமும் இறக்கமும் இதற்குப் பிறகு பெரிய காரியமில்லை. ஏறும்போது முழு இயந்திரம், மூக்கை 75 நொட் நிற்கும் இடத்துக்கு. அந்தக் காட்சிக்கும் ஒரு பொட்டு ஒட்டலாம், வேறு நிறத்தில். முழு வலுவில் விமானம் இடப்பக்கம் இழுக்கும். வலது றடர் கொடுங்கள். எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ, ஏறும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னதாகவே மூக்கை இறக்கத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 500 அடி ஏறினால் 50 அடி முன்னதாக. இறங்கும்போதும் அதே கணக்கு.

திரும்பலில் மூன்று சரிவைப் பழகுங்கள். 15 பாகைச் சரிவில் 100 நொட்டில் திரும்பினால் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் ஒரு முழு வட்டம் வரும்; கைக்கடிகாரத்தை வைத்துச் சோதியுங்கள். 30 பாகையில் மூக்கு இறங்கப் பார்க்கும், சிறிதளவு பின்னால் இழுக்க வேண்டும். எந்தத் திசையில் நிறுத்த வேண்டுமோ அதற்குச் சரிவின் பாதியளவு முன்னதாக நிமிர்த்துங்கள்: 30 பாகைச் சரிவுக்கு 15 பாகை முன்னதாக. 45 பாகைச் சரிவுதான் பரீட்சை. அங்கே விமானம் தன் எடையைப்போல் 1.4 மடங்கைத் தாங்க வேண்டும், இறக்கை தூக்கும் வலுவை இழந்து ஸ்டோல் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடிவிடும். ஒரு முழு வட்டத்தை உயரம் 100 அடி, வேகம் 10 நொட், சரிவு 5 பாகைக்குள் முடிக்கப் பாருங்கள். அமெரிக்காவில் தனியார் விமானி அனுமதிப்பத்திரப் பரீட்சையில் கேட்கும் அளவு அது. வாவியின் தொடுவானம் தட்டையாக இருப்பதால் மூக்கு இறங்குவது உடனே தெரியும். வட்டம் முடியும்போது உங்கள் விமானம் விட்டுப்போன காற்றுக்குழப்பத்துக்குள்ளேயே நுழைந்து ஒரு குலுக்கல் வந்தால், உண்மையான வானத்தில் அது நல்ல அடையாளம், சிமுலேட்டரில் எதிர்பார்க்காதீர்கள்.

இனிக் காற்று. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, நம் ஊருக்கென்றே செய்துவைத்ததுபோல இருப்பதும் இதுதான். ஆனி ஆடியில் மலையைத் தாண்டி இறங்கி, படுவான்கரை வயலைக் காயவைத்து, வாவியைக் கடந்து வரும் கச்சான் காற்று உங்களுக்குத் தெரியும். சிமுலேட்டரின் வானிலைப் பக்கத்தில் காற்றை 250 பாகையிலிருந்து, 15 நொட் என்று வையுங்கள். வெப்பத்தை 32 பாகையாக்குங்கள். அந்தச் சூட்டில் காற்று ஐதாகி, கடல்மட்டத்து ஓடுபாதையில் நிற்கும் விமானம் 2000 அடி உயரத்தில் நிற்பதுபோலத் தளர்ந்து ஓடும். கிளம்பும்போதே ஓட்டம் நீளுவதைக் காண்பீர்கள்.

பழையபடி கல்லடியிலிருந்து கல்லாற்றுக்குப் போங்கள், இந்த முறை 90 நொட்டில். மூக்கை 160இல் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வீதி வலப்பக்கம் ஒதுங்கி, நீங்கள் கடலுக்கு மேலே நிற்பீர்கள். வாவியில் தோணி விடுகிறவர்களைக் கேளுங்கள். ஓட்டம் இழுக்கும் நாளில் அக்கரைத் துறைக்கு நேரே அணியத்தை வைக்கமாட்டார்கள். ஓட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பிவைத்துத்தான் வலிப்பார்கள். நீங்களும் மூக்கைக் காற்றுப்பக்கம் பத்துப் பாகை திருப்பி 170இல் வைத்தால் வீதி உங்களுக்குக் கீழேயே ஓடும். இறக்கை சரியக் கூடாது, றடரால் இழுத்துப் பிடிக்கவும் கூடாது. விமானம் பக்கவாட்டாகப் போவதுபோலத் தோன்றும், ஆனால் அதற்கு அது நேர்வழிதான்.

இது கைவந்ததும் வீதிக்குக் குறுக்கே எஸ் வடிவத்தில் திரும்பிப் பழகுங்கள். ஆரையம்பதிப் பக்கம், 1000 அடி. வாவிப் பக்கமிருந்து கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு வீதியைக் குறுக்கே கடவுங்கள். கடந்த உடனே கடற்கரைப் பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டு வீதிக்குத் திரும்பி, மீண்டும் குறுக்கே கடந்து, வாவிப் பக்கம் மறு அரைவட்டம். இரண்டு அரைவட்டமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கேட்கச் சுலபம். முதல் தடவை கடற்பக்க வட்டம் பெரிதாகப் பிதுங்கி, வாவிப் பக்க வட்டம் சப்பிப்போகும். காற்று முதுகில் இருக்கும்போது நிலத்துக்கு மேலே உங்கள் வேகம் 105 நொட். எதிரே இருக்கும்போது 75. வட்டத்தின் அளவு வேகத்தின் வர்க்கத்தோடு மாறுவதால் ஒரே சரிவில் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு பெரிதாகும். ஆகவே காற்று முதுகில் இருக்கும்போது 30 பாகை சரித்தால், எதிரே திரும்பும்போது 16 வரை தளர்த்திக்கொண்டு வரவேண்டும். சரிவு ஒவ்வொரு விநாடியும் மாறிக்கொண்டே இருக்கும். கணக்கை மண்டையில் போட முடியாது. வீதியையும் கரையையும் பார்த்துக் கண்தான் கைக்குச் சொல்ல வேண்டும். பறந்த பாதையை வரைபடத்தில் காட்டும் வசதி இருந்தால் முடிந்த பிறகு பாருங்கள். உங்கள் வட்டங்கள் உங்களுக்குப் பாடம் சொல்லும்.

ஸ்டோல் பற்றி ஒரு எச்சரிக்கை. 3000 அடிக்கு ஏறி, வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை ஒலி கேட்டதும் பின்னிழுப்பைத் தளர்த்தி, முழு வலுக் கொடுத்து, இறக்கையை நிமிர்த்தும் வரிசையைப் பழகுங்கள். முதலில் தளர்த்துவது, எப்போதும். ஆனால் வயிறு மேலே வருவது, கதிரை நடுங்குவது எதுவும் வீட்டில் வராது. சிமுலேட்டரில் நூறு தரம் செய்தேன், எனக்குப் பயமில்லை என்று எவரிடமும் சொல்லாதீர்கள். பயிற்றுநர் இல்லாமல் கற்கக் கூடாத பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கடைசியாக, ஓடுபாதையைச் சுற்றி வருவதும் இறங்குவதும். கச்சான் அடிக்கும் நாளில் 24ஆம் ஓடுபாதை, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு 06. நம் ஓடுபாதை இரண்டு பருவக்காற்றுக்கும் ஏறத்தாழ நேராகக் கிடக்கிறது. 24இல் கிளம்பினால் வயலுக்கு மேலே ஏறி, இடப்பக்கம் திரும்பி, 1000 அடியில் 060ஐப் பிடித்து வாவிக்கு மேலாகத் திரும்பி வாருங்கள். காற்று முதுகில் இருப்பதால் ஓடுபாதை சட்டென்று பின்னால் போய்விடும், அயர்ந்தால் கடலுக்குமேலே போய்விடுவீர்கள். 1924இல் கட்டிய பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் கல்லடியில் பக்கம் பக்கமாகத் தெரியும்; அந்தப் பக்கமாக இடப்புறம் திரும்பினால் ஓடுபாதைக்கு நேர்வழியில் வந்து நிற்பீர்கள். ஒரு கடல்மைல் தூரத்தில் 300 அடி, வேகம் 65. அந்த நேரத்தில் கீழே தண்ணீர்தான். தண்ணீருக்கு மேலே வரும்போது கண் ஏமாறும்: வீடோ மரமோ இல்லாததால் நிரம்ப உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றி, அறியாமலே தாழ இறங்கிவிடுவோம். 300 அடி என்ற கணக்கை இந்த ஒரு இடத்தில் மட்டும் முள்ளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஓடுபாதைக்கு மேலே வந்ததும் கண்ணைப் பக்கத்தில் வைக்காமல் ஓடுபாதையின் மறுமுனைக்கு அனுப்புங்கள்; நிலம் எழும்பி வருவது அப்போதுதான் தெரியும். 200 அடியில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் முழு வலுக் கொடுத்து மேலே போய்விடுங்கள். பத்து இறக்கத்தில் மூன்றை இப்படி வேண்டுமென்றே கைவிட்டுப் பழகுவது நல்லது. வீட்டில் கைவிடப் பழகாதவர் வெளியில் கைவிடமாட்டார்.

விமானியாகும் ஆசை பற்றி. வீட்டுக் கணினியில் பறந்த மணித்தியாலம் அனுமதிப்பத்திரக் கணக்கில் சேராது. சர்வதேச விதிப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 17, பறப்பு 40 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் 35. ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அம்மா அப்பா அந்தப் பணத்தைச் சேர்க்கும் காலத்தில் நீங்கள் ட்ரிம், சரிவு, காற்று மூன்றையும் கைக்குள் கொண்டுவந்துவிட்டால், அந்த மணித்தியாலங்களில் பயிற்றுநர் உங்களுக்குச் சொல்லித்தர வேறு நிறைய இருக்கும். முதல் நாளே அவரிடம் வீட்டில் பழகியதைச் சொல்லிவிடுங்கள், முள்ளைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தடவைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை இடி மழையில் கணினியின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். இந்தச் சனிக்கிழமை பொட்டை ஒட்டிக் காற்றில்லாமல் 2000 அடியில் கல்லாறு போய் வாருங்கள். மட்டையைத் தூக்கிய ஒவ்வொரு தரமும் எழுதிய உயரங்களை, ஒன்றையும் திருத்தாமல், எனக்கு அனுப்பிவையுங்கள். பார்த்துவிட்டுக் கச்சானை எப்போது தொடங்கலாம் என்று சொல்கிறேன்.